முதல் திருத்தம் யாருடைய கையைக் கட்டுகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் போனில் கொதித்துக்கொண்டிருந்தான். அவனோடு வேலை பார்த்த ஒருவர் முகநூலில் ஏதோ அரசியல் எழுதியிருக்கிறார். இரண்டே நாளில் நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"அது எப்படி மாமா முடியும்? இந்த நாட்டுலதான் முதல் திருத்தம் இருக்கே. பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்குடா. ஆனா அது உங்க கம்பெனியைப் பார்த்து எழுதினது இல்ல."

அவன் நம்பவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "முதல் திருத்தம்", "ஐந்தாவது திருத்தம்" என்று தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. அவை யாரைக் கட்டுப்படுத்துகின்றன, யாரைக் கட்டுப்படுத்தவில்லை என்பதைத்தான் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

திருத்தம் என்றால் என்ன?

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. அரசமைப்புச் சட்டம் என்பது ஒரு நாட்டின் மற்றச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் தாய்ச் சட்டம். அதற்குப் பிறகு அதில் சேர்க்கும், மாற்றும் ஒவ்வொரு பகுதிக்கும் திருத்தம் என்று பெயர். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்புறம் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய கணக்கில் 50-க்கு 38 மாநிலங்கள். இந்தக் கடும் நிபந்தனையால்தான் இத்தனை காலத்தில் 27 திருத்தங்களே தேறியிருக்கின்றன.

முதலில் எழுதிய சட்டத்தில் பேச்சுரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் மேசன், மக்களின் உரிமைகளைப் பட்டியல் போடாத சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அலெக்சாண்டர் ஹாமில்டன் எதிர்த்து வாதாடினார்: பத்திரிகையை அடக்கும் அதிகாரத்தையே அரசுக்கு நாம் கொடுக்கவில்லை, அப்புறம் அடக்கக் கூடாது என்று எதற்கு எழுத வேண்டும்? வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் பேரரசின் சிப்பாய்களும் சுங்க அதிகாரிகளும் வீடு புகுந்து சோதனை போட்டதை நேரில் பார்த்த மக்களுக்கு அது போதவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்கள். 1789-இல் ஜேம்ஸ் மேடிசன் திருத்தங்களை முன்மொழிய, 12 திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போயின. அவற்றில் 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-இல் நிறைவேறின. இந்தப் பத்தைத்தான் உரிமைகள் சாசனம் என்கிறார்கள்.

(விடுபட்ட இரண்டில் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. 1982-இல் டெக்சஸில் ஒரு கல்லூரி மாணவர் அதைத் தேடி எடுத்து, இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார். மாணவர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-இல் அது 27-வது திருத்தமாக நிறைவேறியது.)

பைலாவும் பக்கத்து வீடும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னைப் புறநகரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏ, பி, சி என்று பல பிளாக். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சங்கம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூட்டமைப்பு. கூட்டமைப்பைத் தொடங்கும்போதே குடியிருப்பவர்களுக்கு ஒரு பயம் வருகிறது. பணம், சாவி, காவலாளி எல்லாம் இவர்கள் கைக்குப் போகிறதே, நாளைக்கு நம்மையே ஆட்டிவைத்தால்? அதனால் பைலாவில், அதாவது சங்க விதிகளில், எழுதி வாங்குகிறார்கள்: "கூட்டமைப்பு எந்த வீட்டுக்குள்ளும் அனுமதியின்றி நுழையக் கூடாது. தன்னைக் குறை சொன்னதற்காக யாருடைய தண்ணீரையும் நிறுத்தக் கூடாது."

சரி, நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ எழுதினீர்கள். மேல் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு, தன் மகன் கல்யாணத்துக்கு உங்களை அழைக்கவில்லை. பைலாவைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்ட முடியுமா? முடியாது. பைலா கட்டிப்போட்டது கூட்டமைப்பின் கையைத்தான்.

முதல் திருத்தமும் அப்படித்தான். "எல்லோருக்கும் பேச்சுரிமை உண்டு" என்று அது தொடங்கவில்லை. "காங்கிரஸ் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது" என்றுதான் தொடங்குகிறது. காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றத்தின் பெயர். ஒரு மதத்தை அரசு மதமாக நிறுவியோ, மத வழிபாட்டைத் தடுத்தோ, பேச்சையும் பத்திரிகையையும் ஒடுக்கியோ, மக்கள் அமைதியாகக் கூடுவதையும் அரசிடம் முறையிடுவதையும் தடுத்தோ சட்டம் போடக் கூடாது. அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். ஆங்கிலத்தில் மொத்தமே 45 சொற்கள்.

இது போலத் தனி ஆட்களையும் நிறுவனங்களையும் விட்டுவிட்டு அரசின் செயலை மட்டும் கட்டுப்படுத்துவதை "அரசுச் செயல்" விதி என்கிறார்கள். ஒரு சமூக ஊடக நிறுவனம் உங்கள் பதிவை நீக்கினால் அது அரசுச் செயல் அல்ல. என் அக்கா மகனின் கம்பெனி ஆளை வேலையிலிருந்து நீக்கியதும் அப்படித்தான். சில மாநிலங்களில் ஊழியர்களைக் காக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. அவை வேறு கணக்கு.

நேர்மாறாக ஒரு காட்சி. 1965 டிசம்பர், அயோவா மாநிலத்தின் டெமோய்ன் நகரம். வியட்நாம் போரில் செத்தவர்களுக்குத் துக்கம் தெரிவித்து 13 வயதுச் சிறுமி மேரி பெத் டிங்கர் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பள்ளி அவளை இடைநீக்கம் செய்தது. அது அரசுப் பள்ளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பள்ளி வாசலில் மாணவர்கள் தங்கள் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்றது நீதிமன்றம். அதே பட்டையோடு அவள் ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் இந்த வழக்கே நின்றிருக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: முதல் பத்துத் திருத்தங்கள் அரசுக்குப் போட்ட தடைகள். எதிரில் இருப்பது அரசா, தனியாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மற்ற ஒன்பதையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. சமாதான காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் சிப்பாய்களை வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்கிறது மூன்றாவது. அந்தக் காலத்து வலி அதில் தெரிகிறது. நான்காவது, நியாயமற்ற சோதனையைத் தடுக்கிறது. அதை வைத்துத்தான், கைதானவரின் கைப்பேசிக்குள் நுழையப் போலீசார் பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வாங்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தாவது, யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆறாவது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் உதவி தருகிறது. இந்த ஆறாவதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

பால்டிமோரில் மண் மூடிய படகுத்துறை

இங்கேதான் பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒரு திருப்பம். தொடக்கத்தில் முதல் பத்துத் திருத்தங்கள் மாநில அரசுகளைக் கட்டவே இல்லை.

ஜான் பாரன் என்பவருக்கு பால்டிமோர் துறைமுகத்தில் ஆழமான படகுத்துறை ஒன்று இருந்தது. நகராட்சி சாலை போடும்போது ஓடைகளைத் திருப்பிவிட்டது. ஓடைகள் கொண்டுவந்த மண் படகுத்துறையில் படிந்து படிந்து, கப்பல் வர முடியாத அளவுக்கு மேடானது. தொழில் போயிற்று. கீழ் நீதிமன்றம் 4,500 டாலர் இழப்பீடு கொடுத்தது, மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று ஐந்தாவது திருத்தம் சொல்கிறதே என்று பாரன் உச்ச நீதிமன்றம் போனார். 1833-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கையை விரித்துவிட்டார்: அந்தத் திருத்தங்கள் மத்திய அரசுக்கு மட்டும்தான். நகராட்சி மாநிலத்தின் கிளை. உங்கள் மாநிலச் சட்டத்தில் வழி இருக்கிறதா பாருங்கள்.

நம் அடுக்குமாடிக் கணக்கில் சொன்னால், பைலா கூட்டமைப்பைத்தான் கட்டியது. பி பிளாக் சங்கம் உங்கள் கதவை உடைத்தால் அதைக் காட்ட முடியாது. இதன் விளைவு படகுத்துறையோடு நிற்கவில்லை. போலீஸ், பள்ளி, நீதிமன்றம், சிறை என்று மனிதனைத் தினமும் தொடுகிற அதிகாரம் எல்லாம் பெரும்பாலும் மாநிலங்களிடம்தான் இருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது.

1868: இரண்டாவது தொடக்கம்

உள்நாட்டுப் போர் முடிந்ததும் மூன்று திருத்தங்கள் வந்தன. 13-வது (1865) அடிமை முறையை ஒழித்தது. 14-வது (1868) அங்கே பிறந்தவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. 15-வது (1870) இனம், நிறம், முந்தைய அடிமை நிலை காரணமாக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது.

என்னைக் கேட்டால், இன்றைய அமெரிக்க உரிமைகளுக்கு அடித்தளம் 1791 இல்லை, இந்த 14-வது திருத்தம்தான். அதில் இரண்டு வாசகங்கள் முக்கியம். எந்த மாநிலமும் உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது ஒன்று. எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்பது இன்னொன்று. உரிய சட்ட நடைமுறை என்றால், தண்டிப்பதற்கு முன் முறையாக அறிவித்து, அவர் பக்கத்தைக் கேட்டு, நியாயமான வழியில் முடிவெடுப்பது.

அந்த முதல் வாசகத்தில் உள்ள "சுதந்திரம்" என்ற சொல்லுக்குள் பேச்சுரிமையும் அடங்கும், வாரண்ட் இல்லாத சோதனையிலிருந்து பாதுகாப்பும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. இப்படிப் பழைய திருத்தங்களை 14-வதின் வழியாக மாநிலங்கள் மேலும் ஏற்றுவதற்கு உள்ளிணைப்பு என்று பெயர். ஒரே நாளில் நடக்கவில்லை. வழக்கு வழக்காக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு மனிதரின் கதை. 1961 ஜூன், புளோரிடாவின் பனாமா சிட்டி. ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துச் சில்லறைக் காசும் மதுவும் திருடு போயின. பார்த்ததாக ஒருவர் சொன்னதன் பேரில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஐம்பது வயது ஏழை மனிதரைப் பிடித்தார்கள். நீதிமன்றத்தில் அவர், எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, ஒருவரை நியமியுங்கள் என்று கேட்டார். மரண தண்டனை வழக்காக இருந்தால்தான் மாநிலச் சட்டப்படி நியமிக்க முடியும் என்றார் நீதிபதி. கிடியன் தானே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, தானே வாதாடித் தோற்றார். ஐந்து வருடச் சிறை.

சிறையில் கிடைத்த கோடு போட்ட தாளில், பென்சிலால், பிழையும் திருத்தமுமாக உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸ் என்ற பெரிய வக்கீலை நியமித்தது. 1963 மார்ச் 18-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: ஆறாவது திருத்தம் தரும் வக்கீல் உரிமை மாநிலங்களையும் கட்டும், கடுமையான குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும். எழுதப்பட்டது 1791-இல், புளோரிடாவுக்கு வந்து சேர்ந்தது 1963-இல். நடுவில் 172 வருடங்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் மறு விசாரணை நடந்தது. இந்த முறை உள்ளூர் வக்கீல் ஒருவர் பக்கத்தில் இருந்தார். பார்த்ததாகச் சொன்ன சாட்சியின் மேலேயே சந்தேகம் வரும்படி கேள்வி கேட்டார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் கிடியனை விடுவித்தது. குற்றச்சாட்டு அதேதான், ஆளும் அதே ஆள்தான். பக்கத்தில் நின்ற வக்கீல்தான் புதிது. (கறுப்புப் பட்டைச் சிறுமிக்கு ஆதரவாக 1969-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி, அதற்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்ட இதே ஃபோர்டாஸ்தான்.)

ஆக, 1791-இன் தடைகள் மத்திய அரசுக்கு. 1868-இன் திருத்தம், வழக்குகள் வழியாக, அவற்றில் பெரும்பாலானவற்றை மாநிலங்களுக்கும் நீட்டியது.

சுதந்திரம் வேறு, உரிமை வேறு

இரண்டு சொற்களைப் பலரும் ஒன்றாகவே புழங்குகிறார்கள். குடிமைச் சுதந்திரம் என்பது அரசு நம்மை விட்டு விலகி நிற்க வேண்டிய இடம்: பேச்சு, வழிபாடு, வீட்டுக் கதவு. குடிமை உரிமை என்பது மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நடத்தை நமக்கும் கிடைப்பது: வாக்கு, பள்ளி, வேலை, உணவகம். முன்னதில் அரசு ஒதுங்கினால் போதும். பின்னதில் பல சமயம் அரசு குறுக்கே வந்து காக்க வேண்டும்.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வர்த் கடைக்குப் போனார்கள். சில சாமான்கள் வாங்கினார்கள், கடைக்காரர்களும் பணத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் மாணவர்கள் அதே கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றார்கள் கடைக்காரர்கள். நால்வரும் எழுந்திருக்காமல் கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள்.

நம் ஊரில் டீக்கடையில் தனிக் குவளை வைத்த கொடுமையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை யார் செய்தாலும் குற்றம் என்கிறது. 15-வது பிரிவு கடை, உணவகம் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அமெரிக்காவின் 14-வது திருத்தம் "எந்த மாநிலமும்" என்றுதான் சொல்கிறது. தனியார் கடையை அது நேராகத் தொடாது என்று 1883-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. தனி ஆட்களையும் நேராகக் கட்டுவது அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தம்.

அதனால் அந்த உணவு மேசைக்கு வேறு சாவி தேவைப்பட்டது. அதுதான் 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம். அது திருத்தம் அல்ல, நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. வெளி மாநிலப் பயணிகள் தங்கும் விடுதியும் அந்த வணிகத்தின் பகுதிதான் என்று சொல்லி, அதே வருடம் அட்லாண்டாவின் ஒரு விடுதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அரசுப் பள்ளிகளில் இனவாரிப் பிரிவினையை 1954-இல் முறியடித்தது மட்டும் நேராக 14-வது திருத்தம்தான். பள்ளி அரசுடையது, பாருங்கள்.

வாக்கு

15-வது திருத்தம் 1870-இல் வந்தும், எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று குறுக்கு வழிகள் போட்டுத் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தின. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் திருத்தத்துக்கு உயிர் வந்தது.

பெண்களின் வாக்குரிமைக்கான 19-வது திருத்தம் 1920 ஆகஸ்டில் டென்னசி சட்டமன்றத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டால் போதும். ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அவர் அம்மாவின் கடிதம் இருந்தது: நல்ல பிள்ளையாக இருந்து ஆதரித்து வாக்களி. அவர் ஆதரித்தார். அந்த ஒரு வாக்கில் முடிந்தது.

நம்முடைய முதல் திருத்தம்

"முதல் திருத்தம்" என்றாலே பேச்சுரிமை என்று பழகிய பிறகு, இந்தியாவின் முதல் திருத்தத்தையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. நம்முடையதில் உரிமைகள் 1950-லேயே மூல நூலில் வந்துவிட்டன. 1951-இன் முதல் திருத்தம் பேச்சுரிமை மேல் போடக்கூடிய கட்டுப்பாடுகளை விரித்தது. அவை நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அதன் பின்னால் சென்னை மாகாணத்திலிருந்து போன இரண்டு வழக்குகள் இருந்தன. ஒன்று, பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை அரசு தடை செய்ததை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் வென்ற வழக்கு. இன்னொன்று, கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த அரசாணையைச் செண்பகம் துரைராஜன் எதிர்த்த வழக்கு. அந்த அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் தமிழகம் கொந்தளித்தது. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிரிவு அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. இட ஒதுக்கீடு பேசும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய திருத்தம் அது.

குடிமகனா, மனிதரா?

இவ்வளவும் கேட்டுவிட்டு என் அக்கா மகன் கடைசியாக ஒன்று கேட்டான். "மாமா, நான் விசாவுல இருக்கேன். குடிமகனே இல்ல. எனக்கு இதெல்லாம் உண்டா?"

அதற்குப் பதில் சான் பிரான்சிஸ்கோவின் சலவைக்கடைகளில் இருக்கிறது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகராட்சி அனுமதி வேண்டும் என்று அங்கே ஒரு விதி போட்டார்கள். படிக்க நெருப்புப் பாதுகாப்பு விதி போலத்தான் இருக்கும். விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாதவர்கள் ஏறத்தாழ 80 பேர் தடையில்லாமல் தொழில் நடத்தினார்கள். 22 வருடமாகக் கடை நடத்திவந்த, அமெரிக்கக் குடிமகன் அல்லாத யிக் வோ அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போய் வழக்காடினார். 1886-இல் உச்ச நீதிமன்றம் 14-வது திருத்தத்தின் வாசகத்தைச் சுட்டிக்காட்டியது. அங்கே "குடிமகன்" என்று இல்லை, "எவரும்" என்று இருக்கிறது. எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தையும் ஓர் இனத்துக்கு எதிராக மட்டும் பிரயோகித்தால் அது சம பாதுகாப்பை மறுப்பதே என்றது.

எனவே திருத்தத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாக்கு பற்றிய 15, 19, 26 எல்லாம் "குடிமக்கள்" என்கின்றன; அவன் வாக்களிக்க முடியாது. ஐந்தாவதும் 14-வதும் "எவரும்" என்கின்றன. நாளைக்கு ஒரு குற்ற வழக்கில் போலீசார் அவனை விசாரித்தால், வாய் திறக்க மாட்டேன், வக்கீல் வேண்டும் என்று சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு; வசதியில்லை என்றால் கிடியன் வழியாக அரசு வக்கீலும் உண்டு. ஆனால் நாடு கடத்துவது பற்றிய குடியேற்ற விசாரணை குற்ற வழக்கு அல்ல. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பணம் அவன் கையிலிருந்துதான் போக வேண்டும். அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "சரி மாமா" என்று பேனா தேடப் போனான்.